உயரக் கணக்கு: ஆறு பேர், ஒரு பள்ளத்தாக்கு, எட்டு இரவு

வெங்கன் ரயில் நிலையத்திலிருந்து நாங்கள் எடுத்திருந்த வீட்டுக்கு 450 மீட்டர், ஏழு நிமிட நடை என்று மேப் காட்டியது. அம்மாவுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த 450 மீட்டரும் ஏற்றம். மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது இடத்தில் ஒரு தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு, "கொல்லிமலைக்குக் கூட்டிட்டு வந்த மாதிரில்ல இருக்கு" என்றார். ஆறு மாதமாக எல்லாவற்றுக்கும் உயரத்தைக் கணக்குப் போட்டவன், கடைசி 450 மீட்டரில் அதை மறந்திருந்தேன்.

ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்து மலைப்பகுதிக்கு எங்கள் குடும்பம் போய்வந்த பயணம் இது. யாருக்கும் ஐரோப்பா முன்பின் தெரியாது. அப்பாவுக்கு 71 வயது, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஐந்து. நானும் மனைவியும் சேர்த்து ஆறு பேர், அத்தனை பேரும் சைவம். பள்ளி விடுமுறையை விட்டால் வேறு நாள் கிடையாது.

முதலில் வந்த திட்டம்

ஒரு பயண முகவர் எட்டு நாளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். சூரிச், லூசர்ன், டிட்லிஸ், இன்டர்லாக்கன், யுங்ஃபிராவ்யோக், ஸெர்மாட், மொன்த்ரோ, ஜெனீவா. வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும். நாடே தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதினேன். இன்டர்லாக்கன் 567. டிட்லிஸ் கேபிள் கார் போய் நிற்பது 3000-க்கு மேலே. ரயில் போய் நிற்கும் பனிமலைக் கணவாயான யுங்ஃபிராவ்யோக் 3454. அடுத்தடுத்த நாட்களில் 500-க்கும் 3000-க்கும் இடையே ஏறி இறங்கும் திட்டம், நடுவில் ஐந்து விடுதி மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி கட்டி, ரயில் ஏறி, அறை திறக்கும் நேரம் வரை காத்திருந்து என்று பாதி நாள் போய்விடும். இதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொரு மலைக்கும் ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு மேகம் மூடினால் 200 பிராங்குக்கு மேல் டிக்கெட் வாங்கி வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

முகவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெயர்கள் அதிகம் இருந்தால்தான் திட்டம் விற்கும், நாமும் அதைத்தான் கேட்கிறோம். நான் செய்ததெல்லாம் பெயர்களை அடித்துவிட்டு ஒரே ஒரு பள்ளத்தாக்கை வைத்துக்கொண்டதுதான்: லாட்டர்புருனன். தங்குவது அதற்கு மேலே, 1274 மீட்டரில், கார் போக வழியில்லாத வெங்கன் கிராமத்தில். எட்டு இரவும் அங்கேயே.

மே மாதத்தின் இரண்டு முகம்

நமக்குக் கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், மே. ஆல்ப்ஸ் மலைக்கு அது இரண்டும்கெட்டான் காலம். பனிச்சறுக்குக் கூட்டம் போய்விட்டது, நடைபயணக் கூட்டம் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் நிறுத்துகிறார்கள். பழைய பெட்டிகளோடு ஓடும் ஷினிகே பிளாட்டே மலை ரயில் ஜூனில்தான் தொடங்கும். படங்களில் நீலமாகத் தெரிகிற பாகால்ப் ஏரி 2265 மீட்டரில் இருக்கிறது. மே மாதத்தில் அங்கே பனிதான் கிடக்கும்.

இதைத் தெரிந்துகொண்டதும் வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம். செப்டம்பரில் போகலாம் என்று நான். மகளின் காலாண்டுத் தேர்வை யார் எழுதுவது என்று மனைவி. சரி, மே கடைசி வாரங்கள்தான் என்று முடிவானது. முடிவான பிறகுதான் அதன் இன்னொரு முகம் தெரிந்தது. பனி உருகுகிற அந்த நேரத்தில்தான் அருவிகள் முழு வேகத்தில் விழும். லாட்டர்புருனன் பள்ளத்தாக்கில் 72 அருவிகள் என்பது அந்த ஊர்க் கணக்கு. ஆக, 2000 மீட்டருக்கு மேலே உள்ள நடைப்பாதைகளை எல்லாம் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, கீழே உள்ள தண்ணீரைப் பார்க்கிற பயணமாக மாற்றினோம். மேலே, யுங்ஃபிராவ்யோக்குக்கு, ஒரே ஒரு நாள்.

அப்பாவின் இதயமும் ஊட்டியும்

அந்த ஒரு நாளில் அப்பா வரலாமா என்பதை நானாக முடிவு செய்ய விரும்பவில்லை. இதய மருத்துவரிடம் மீட்டர் கணக்கு எழுதிய தாளோடு போனோம். அவர் முதலில் கேட்டது, "சார், ஸ்டென்ட் வச்சப்புறம் ஊட்டிக்குப் போனீங்களா?" போனார், ஒன்றும் ஆகவில்லை. ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர். மருத்துவர் தாளில் 2061 என்று எழுதியிருந்த க்ளைன ஷைடெக் கணவாய்க்கு அடியில் பேனாவால் கோடு போட்டார். "இதுவரைக்கும் ஊட்டியைவிடத் தாழ்வுதான். இதுக்கு மேலே வேண்டாம்." 3454 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். இது அப்பாவுடைய உடம்பைப் பார்த்து மருத்துவர் சொன்ன யோசனை. வேறொருவருக்கு வேறு மாதிரி சொல்லலாம், அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் அப்பாவுக்குக் கோடு போட வேண்டாம்.

வெங்கனைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். கிராமத்திலிருந்து பல்சக்கர ரயிலில் அரை மணிக்குள் க்ளைன ஷைடெக். அங்கே குடும்பம் இரண்டாகப் பிரியலாம். அப்பா, அம்மா அங்கேயே இருக்க, நாங்கள் நால்வர் மேலே போய்விட்டு வரலாம்.

விசா, காப்பீடு, டிக்கெட்

விசா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் 15 நாள் முன்பு. கோடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் நேரம் வாங்குவதுதான் பாடு, நாங்கள் ஜனவரியிலேயே உட்கார்ந்துவிட்டோம். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறுக்குக் கீழே இல்லை.

காப்பீட்டில்தான் கவனம் வேண்டும். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். மலிவாகக் கிடைக்கும் பாலிசி அந்த விதியைப் பூர்த்தி செய்துவிடும், ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பைசா தராது என்று உள்ளே ஒரு வரி இருக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த ஒரு வரிதான் பாலிசியே. அப்பாவுக்கு மட்டும் தனியாக, முன்நோயையும் மலை மீட்பையும் சேர்த்த பாலிசி எடுத்தோம்.

ரயில் பாஸ் விஷயத்தில் எல்லோரும் ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுக்கச் சொன்னார்கள். அதற்கும் உயரக் கணக்குதான் விடை சொன்னது. அந்தப் பாஸ் நாடு முழுவதும் ரயில், பஸ், படகுக்குச் செல்லும், வெங்கன் வரை இலவசம். அதற்கு மேலே யுங்ஃபிராவ்யோக் போகிற பாதையில் 25 சதவீதத் தள்ளுபடிதான். அரைக்கட்டண அட்டை எடுத்தால் கீழேயும் பாதி, மேலேயும் பாதி. தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு டிராவல் பாஸ் லாபம். எங்கள் பெரிய செலவு வெங்கனுக்கு மேலே இருந்ததால் அரைக்கட்டண அட்டை எடுத்தோம். மகளுக்கு, பெற்றோரோடு டிக்கெட் இல்லாமல் பயணிக்க உதவும் ஸ்விஸ் குடும்ப அட்டை (ஃபேமிலி கார்டு) இலவசமாகக் கிடைத்தது, மகன் ஆறு வயதுக்குக் கீழே, டிக்கெட்டே வேண்டாம். குடும்ப அட்டை பெற்றோரில் ஒருவர் கூட இருந்தால்தான் செல்லும் என்பதை மட்டும் நான் சரியாகப் படிக்கவில்லை. ஒரு நாள் தாத்தா பாட்டியோடு லாட்டர்புருனன் இறங்கக் கிளம்பியவளுக்கு ஸ்டேஷனில் அரை டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.

ரயில் பிரிந்த இடம்

சூரிச் விமான நிலையத்திலிருந்து இன்டர்லாக்கன் கிழக்கு நிலையம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1982-இலிருந்து அந்த நாட்டு ரயில்கள் ஒரே இடைவெளியில், மணிக்கு மணி அதே நிமிடத்தில் புறப்படுகிற அட்டவணையில் ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று பார்க்கவே வேண்டாம்.

இன்டர்லாக்கனில் மலைக்குப் போகும் ரயில் நின்றது. அம்மாவும் மகனும் முன்னால் ஒரு பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினோம். ஒரே ரயில்தானே, உள்ளே நடந்து போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அப்பாதான் கதவுக்கு மேலே இருந்த பலகையைப் படித்தார். நாங்கள் இருந்த பெட்டியில் லாட்டர்புருனன், இரண்டு பெட்டி தள்ளி கிரின்டல்வால்ட். ஸ்வைலுட்சினன் என்ற சின்ன நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ஒரு பள்ளத்தாக்குக்கும் மறுபாதி இன்னொன்றுக்கும் போகிறது. அந்த நிலையத்தில் இறங்கி, நடைமேடையில் ஓடி, அம்மா கையையும் மகன் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி ஏறியபோது கதவு மூடுகிற மணி அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் போன் இருந்தது, அதில் சிம் இல்லை. நாலு வரிசையில் நாலு நிறத்தில் போட்ட என் அட்டவணையில் இந்தப் பிரிவு எங்குமே இல்லை.

சமையலறை

சைவக் குடும்பம், தினம் இரண்டு வேளை வெளியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்பதால் சமையலறை உள்ள வீடாக எடுத்தோம். அரிசி, பருப்பு, பொடி வகைகள் சென்னையிலிருந்து போயின. நெய்யும் பால்கோவாவும் போகவில்லை, ஏனென்றால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களை ஸ்விட்சர்லாந்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அம்மா அந்த நெய் டப்பாவை மூன்று முறை பெட்டியில் வைத்தார், நான் மூன்று முறை எடுத்தேன்.

குக்கரைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. வீட்டில் பத்து வருடமாக ஓடுகிற மூன்று லிட்டர் அலுமினிய குக்கர். அங்கே இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியம் அதில் சூடாகாது. முதல் ராத்திரி அடுப்பு பீப் பீப் என்று கத்துகிறது, அம்மா அதன் தலையில் தட்டுகிறார். கடைசியில் வீட்டுக்காரருடைய எவர்சில்வர் பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டோம். அந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கரும் இல்லை. பருப்பு வேக ஒன்றேகால் மணி நேரம். மறுநாள் மசூர் பருப்புக்கு மாறினோம்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்று முன்பே தெரிந்ததால் சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைத்தோம். மே, ஜூனில் போகிறவர்கள் ஈஸ்டரை ஒட்டி வரும் இன்னும் இரண்டு விடுமுறைகளையும் பார்த்துக்கொள்வது நல்லது: இயேசு விண்ணேற்பு வியாழனும் பெந்தகொஸ்தே திங்களும்.

மேகத்தோடு நான்கு நாள்

திட்டத்தில் மலை ஏறும் நாளுக்குத் தேதியே போடவில்லை. தினம் காலை ஆறு மணிக்குக் கேமரா பார்ப்பது, தெளிவாக இருந்தால் அன்றே கிளம்புவது. உச்சியிலும் கணவாயிலும் வைத்திருக்கும் கேமராக்களின் படம் இணையத்தில் நேரலையாக வரும். முதல் நான்கு நாளும் வெள்ளை. மகன் அதற்குப் "பால் டிவி" என்று பெயர் வைத்தான்.

அந்த நான்கு நாளும் வீணாகவில்லை. மழைக்கு அஞ்சாத இடங்களைத் தனியாக எழுதி வைத்திருந்தேன். அதில் முதலாவது ட்ரும்மல்பாக். ஐகர், மொன்ஷ், யுங்ஃபிராவ் மூன்று மலைகளின் பனியாற்றுத் தண்ணீரும் ஒரு மலையைக் குடைந்துகொண்டு உள்ளுக்குள்ளேயே பத்து அருவிகளாக விழுகிறது. உச்ச நேரத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. பாறைக்குள் லிஃப்ட் ஒன்று ஓடுகிறது, அதனால் அம்மாவால் மேல்தளம் வரை வர முடிந்தது. ஆனால் அதற்கு அப்புறமும் ஈரப் படிகள் உண்டு. அவர் முதல் அருவியின் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டு அதே லிஃப்ட்டில் இறங்கிவிட்டார். உள்ளே சத்தம் காதில் கேட்பதைவிடக் காலில்தான் அதிகம் தெரிகிறது, இரும்புப் பாலம் அதிர்ந்துகொண்டே இருக்கும். நான்கு வயதுக்குக் கீழான குழந்தைகளை விட மாட்டார்கள். இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால் மகனோடு ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

ஊருக்குப் பக்கத்திலேயே ஷ்டாவ்ப்பாக், 297 மீட்டர். பெயருக்குத் தூசி ஓடை என்று பொருள். காற்றடித்தால் தண்ணீர் தரையைத் தொடுவதற்குள் தூளாகிவிடுகிறது. 1779-இல் கவிஞர் கதே இதைப் பார்த்துவிட்டுத்தான் நீரின் மேல் உலவும் ஆவிகளைப் பற்றிய தம் கவிதையை எழுதினார். இன்னொரு நாள் பிரியன்ஸ் ஏரியில் படகு. மேகத்துக்குக் கீழேயும் தண்ணீர் பச்சையும் நீலமுமாக இருந்தது. பனியாறு அரைத்த பாறை மாவு அதில் கலந்திருப்பதால் வரும் நிறம்.

ஒரு நாள் பெர்ன் நகரம். அங்கே ஐரோப்பா சதுக்கத்தில் 2014 டிசம்பரில் திறந்த பல சமய மாளிகையில், ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசல், தேவாலயம், புத்த விகாரையோடு ஒரு சைவக் கோயிலும் இருக்கிறது. ஈழத்துத் தமிழர்கள் கட்டி நடத்துவது. வழிபாடு தமிழில். அம்மாவைக் கண்டதும் அங்கிருந்த ஒரு பெண்மணி கேட்டது, "எந்த ஊரம்மா? சாப்பிட்டிட்டியளோ?" அம்மா அந்தப் பயணத்தில் வேறெங்கும் அவ்வளவு நேரம் உட்காரவில்லை.

ஐந்தாம் நாள்

ஐந்தாம் நாள் காலை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. மனைவி மறுபடி போர்த்திக்கொண்டார். பழக்கதோஷத்தில் கேமராவைத் திறந்தேன். க்ளைன ஷைடெக்கில் வெயில், யுங்ஃபிராவ்யோக்கில் மேகமே இல்லாத நீலம். மேகம் எங்கள் கிராமத்தில் உட்கார்ந்திருந்தது, மலை அதற்கு மேலே இருந்தது. ஏழரை மணி ரயிலைப் பிடித்தோம். பத்து நிமிடத்தில் ரயில் மேகத்தைக் கிழித்து வெளியே வந்தது, பெட்டி முழுவதும் ஒரே சத்தம்.

அப்பா வெளியே பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையம் – குன்னூர் பல்சக்கரப் பாதை ஸ்விஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறையில் 1899-இல் ஓடத் தொடங்கியது. அதில் ஓடும் எக்ஸ் வகை இஞ்சின்கள் முதலில் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வந்தவை, பின்னர் புதியவற்றைக் கட்டியது பொன்மலை. "நம்மது பன்னிரண்டரைக்கு ஒண்ணு. இது நாலுக்கு ஒண்ணுடா" என்றார். நான்கு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சரிவு. க்ளைன ஷைடெக்கில் அவரை விட்டுப் போகிறோமே என்று எனக்கிருந்த வருத்தத்துக்கு அவசியமே இல்லை. இரண்டு பள்ளத்தாக்கிலிருந்தும் ரயில்கள் வந்து சேரும் அந்த நிலையத்தில், வெயிலில் ஒரு பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்து நான்கு மணி நேரம் ரயில் பார்த்தார். தலைக்கு மேலே 1938-இல்தான் முதன்முதலாக மனிதர் ஏறிய ஐகர் வடக்குச் சுவர். காலடியில் பனி உருகிய இடத்தில் வெள்ளையும் ஊதாவுமாக குரோக்கஸ் பூக்கள். அம்மா பூவை எண்ணியிருக்கிறார்.

நாங்கள் நால்வர் யுங்ஃபிராவ் ரயிலில் ஏறினோம். ஸ்விஸ் தொழிலதிபர் அடோல்ஃப் குயர்-ஸெல்லர் 1896-இல் தொடங்கி, 1912-இல் முடிந்த பாதை. பாதிக்கு மேல் குகைக்குள். கிரின்டல்வால்ட் பக்கமிருந்து 2020-இல் வந்த புதிய கேபிள் கார் 15 நிமிடத்தில் 2320 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். மெதுவாக ஏறினால் உடம்புக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று பழைய வழியிலேயே போனோம். 3160 மீட்டரில் ஐஸ்மேர் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிற்கும். அங்கே மகள் பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தாள். தலையணை மாதிரி உப்பிப்போயிருந்தது. காற்றழுத்தம் பற்றி நான் மருத்துவரிடமிருந்து கேட்டுவந்து சொன்னதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

மேலே அலெட்ச் பனியாறு, ஆல்ப்ஸிலேயே நீளமானது, 2001 முதல் உலகப் பாரம்பரியக் களம். பார்த்த முதல் இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. ஒரு மணி நேரம் தாண்டியதும் மகன் தலையைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தான். மூன்று மணி நேரம் இருப்பதாகத் திட்டம். பனிக்குகையைப் பாதி பார்த்திருந்தோம், கொடி நட்ட இடத்துக்கு வரிசை நீளமாக இருந்தது. அடுத்த ரயிலில் இறங்கிவிட்டோம். க்ளைன ஷைடெக் வருவதற்குள் அவன் சிப்ஸ் கேட்டான்.

அடுத்த முறை மாற்ற வேண்டியது

வீடு. நிலையத்தைவிட எத்தனை மீட்டர் மேலே என்று வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேட்டிருக்க வேண்டும். எங்களுக்கு அது 50 மீட்டருக்கு மேல், பதினாறு பதினேழு மாடி ஏறுவதற்குச் சமம். அம்மா தினம் ஒரு முறைதான் ஏறினார், அதனால் மாலை நேரங்களில் ஊர் வீதியில் நடக்கிற சுகம் அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தத் திட்டத்தில் நான் செய்த பெரிய தவறு இது.

எல்லோர் போனிலும் சிம். எட்டு இரவு அதிகம் என்று முதலில் தோன்றியது. மேகம் நான்கு நாளைத் தின்ற பிறகு அது சரியான கணக்கு என்று தெரிந்தது, நான்கு இரவு போட்டிருந்தால் மலையைப் பார்க்காமலே திரும்பியிருப்போம். துணி விஷயத்தில் அளவு மீறிவிட்டேன். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் இன்டர்லாக்கனில் 20 டிகிரி என்றால் மேலே ஒன்றோ இரண்டோ இருக்கும். அதற்கு ஒரு நல்ல ஜாக்கெட்டும் உள்ளே ஒரு கம்பளிச் சட்டையும் போதும். நாங்கள் ஆறு பேருக்கும் இரண்டிரண்டு கொண்டுபோனோம், பாதி பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை.

குக்கரும் அப்படியே திரும்பி வந்தது. சென்னை விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு அதைத் திறக்கச் சொன்னார்கள். மகன் லுட்சினே ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கற்கள் மூடி வரை நிறைந்திருந்தன.